கம்பெனிப் பெட்டியா, அசெம்பிள் பண்ணியதா?

"கேம் ஆட கம்ப்யூட்டர் வாங்கணும். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கலாமா, அசெம்பிள் பண்ணலாமா?" நம்ம பிளஸ் ஒன் வகுப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாரம் ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துவிடுகிறது. எங்க வீட்டிலும் வந்தது. அப்பா பட்டுக்கூடு விற்ற பணத்தில் கொஞ்சம், அம்மா சீட்டு எடுத்ததில் கொஞ்சம் என்று அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அக்காவின் காலேஜ் புராஜெக்ட், என் படிப்பு, கூடவே (மெதுவா படிங்க, சார் வருவார்) கேம். மூன்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். இன்னொரு தடவை இவ்வளவு பணம் மொத்தமாக வராது. நான் ஒரு லிஸ்ட் எழுதி நீட்டினேன். அப்பா விலையைக்கூடப் பார்க்கவில்லை. "இது ரிப்பேர் ஆனா யாருகிட்டப்பா போறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அதைத் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். ஒரு கம்பெனி மதர்போர்டில் இன்னொரு கம்பெனி ரேம் எப்படிப் பொருந்துகிறது? 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியே கிடைக்கும் பாகங்களை வைத்துச் செய்தது. அதனால் மற்றவர்களும் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி 'ஏடிஎக்ஸ்' என்ற அளவைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் ஸ்குரூ ஓட்டை எங்கே இருக்கணும், பவர் சப்ளை எந்த அளவில் இருக்கணும் என்று அது சொன்னது. நம்ம ஊர் சைக்கிள் கடையில் எந்த டியூப் வாங்கினாலும் வீலுக்குச் சேருகிற மாதிரிதான். இன்று 'பெரிய பிராண்ட்' என்று நாம் சொல்லும் டெல் கம்பெனியே, 1984-ல் மைக்கேல் டெல் என்ற கல்லூரி மாணவர் அமெரிக்காவில் தன் ஹாஸ்டல் அறையில் வைத்துக் கம்ப்யூட்டர்களை மாற்றியமைத்து விற்றதில் பிறந்ததுதான்!

நம்ம நாட்டில் அசெம்பிள்டு என்பது புதுசு இல்லை. சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் இதற்கே பேர்போனவை. கம்பெனி கம்ப்யூட்டர் எட்டாத விலையில் இருந்த காலத்தில், பிரவுசிங் சென்டர்களுக்கும் வீடுகளுக்கும் அங்கிருந்துதான் பாகங்கள் வந்தன. நம்ம தர்மபுரிக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம், சுமார் 130 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீடு திரும்பிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டைப் அடிக்க, பாடம் பார்க்க, கணக்குப் போட எந்தக் கம்ப்யூட்டரும் போதும். கேமுக்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று தேவைப்படுகிறது. திரையில் ஓடும் ஒவ்வொரு படத்தையும் நொடிக்கு அறுபது தடவை வரைந்து தள்ளுவது அதன் வேலை. ஆகவே கேம் கம்ப்யூட்டரில் பெரும்பங்கு பணம் அதற்குப் போகணும். ஆனால் அறுபதாயிரத்துக்குள் கடையில் இருக்கும் கம்பெனிப் பெட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஆபீஸ் வேலைக்கான பெட்டியாக இருக்கும். விண்டோஸ், கீபோர்டு, மவுஸ், வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த விலை அது. கிராபிக்ஸ் கார்டு இருக்காது.

"பரவாயில்லை, அப்புறம் வாங்கிச் சொருகிக்கலாம்" என்று நினைப்போம். நானும் நினைத்தேன். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போடணும். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். ஐ5-12400எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தால் 287. ஃபேன், மதர்போர்டு, டிஸ்க் எல்லாம் கூட்டினால் 340 பக்கம் வரும். பல ஆபீஸ் பெட்டிகளில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். இருநூற்றுச் சொச்சம் வாட்தான். அதை மாற்றலாம் என்றால், சில கம்பெனிகள் ஏடிஎக்ஸ் அளவை விட்டுவிட்டுத் தங்களுக்கென்று தனி வடிவத்தில் எஸ்.எம்.பி.எஸ்., தனி வடிவத்தில் மதர்போர்டு, தனிப் பின் போட்ட வயர் என்று செய்கிறார்கள். வெளியே வாங்கியது உள்ளே சேராது. அதனால் கம்பெனிப் பெட்டி வாங்குபவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை ஜிபி ரேம்?" இல்லை. "எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், வெளியே கிடைக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் இதில் சேருமா?" என்பதுதான்.

அசெம்பிள் செய்கிறவர்கள் ஏமாறுவதும் இதே எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான். எங்க பெரியப்பா மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் அசெம்பிள் பண்ணினார். பிராசஸர் நல்லது, கார்டு நல்லது, கேபினெட்டில் கலர் கலராக லைட். பட்ஜெட் மீறிப்போச்சு என்று எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பேர் தெரியாத ஒன்றைப் போட்டார்கள். மேலே '500 வாட்' என்று ஸ்டிக்கர் இருந்தது. ஆறாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்தது. டப் என்று ஒரு சத்தம், கருகின வாசனை. எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பில் இருக்கா என்றால், துண்டுச் சீட்டில் பேனாவில் எழுதிய மொத்தத் தொகை மட்டும். வரி மிச்சம் என்று அண்ணனே பில் வேண்டாம் என்றாராம்! பத்தாயிரத்துக்கு மேல் மறுபடி செலவு. பெரியப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அதனால் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். உள்ளே இழுக்கும் கரண்டில் குறைந்தது 80 சதவீதத்தைப் பாகங்களுக்குக் கொடுக்கும், மீதிதான் சூடாகப் போகும் என்று சோதித்ததற்கு அடையாளம் அது. அந்த முத்திரை மட்டுமே எல்லாவற்றுக்கும் கேரண்ட்டி இல்லை. ஆனால் அதுகூட இல்லாததை வாங்கவே வேண்டாம். லைட்டு போட்ட ஃபேனுக்குக் கொடுக்கும் காசை இதில் போடலாம் என்பது என் கருத்து. (லைட் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

இன்னொரு விஷயம். இன்டெல் பிராசஸர் பேரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கி, கிராபிக்ஸ் கார்டை அப்புறம் வாங்கலாம் என்று விட்டால், மானிட்டர் இருட்டாகவே இருக்கும். எங்களை மாதிரி பணம் கொஞ்சம் கொஞ்சமாக வரும் வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போல, உள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் வாங்குவது. வாலரண்ட் நன்றாகவே ஓடும். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-ஐயும் செட்டிங்ஸைக் குறைத்து வைத்து ஆடலாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை இப்போதே போட்டுவிட்டால், அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ கார்டை வாங்கிச் சொருக வேண்டியதுதான் பாக்கி. ஒன்று மறக்காதீங்க. இந்த வகைப் பிராசஸர் ரேமிலிருந்துதான் கிராபிக்ஸுக்கு இடம் எடுக்கும். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்கினால், இரண்டு வழியில் தகவல் போய்வரும், கேம் வேகமாக ஓடும்.

இப்போ அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்பெனிப் பெட்டிக்கு வழக்கமாக ஒரு வருஷ வாரண்ட்டி. ஒரே போன் நம்பர், எது கெட்டாலும் அவர்கள் பொறுப்பு. வருஷம் தாண்டினால் மதர்போர்டு விலை கேட்டே மயக்கம் வரும், அது அந்தக் கம்பெனியிடம்தான் கிடைக்கும். கம்பெனியே கடையை மூடுவதும் உண்டு. நம்ம நாட்டு விப்ரோ 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அசெம்பிள்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்ட்டி. டப்பாவோடு வரும் பிராசஸருக்கு மூன்று வருஷம், மதர்போர்டுக்கும் பெரும்பாலும் மூன்று வருஷம். டப்பா இல்லாமல் 'ட்ரே' என்று சொல்லி விற்கும் பிராசஸருக்கு அது கிடையாது, கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும்தான். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் எது கெட்டது என்று யார் கண்டுபிடிப்பது? நாமேதான். கண்டுபிடித்து, கழற்றி, பில்லோடு சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறணும். மாற்றித் தர வாரக்கணக்கில் ஆகலாம். பரீட்சை நேரத்தில் அப்படி ஆனால் அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

ஆக, வீட்டில் யாருமே பெட்டியைத் திறக்க மாட்டோம், பில் எழுதவும் படிக்கவும் போதும் என்றால் கம்பெனிப் பெட்டிதான் சரி. அதை நான் கேவலமாகச் சொல்லவில்லை, எங்க மாமா கடைக்கு அதுதான் வாங்கச் சொன்னேன். கேம் வேணும், வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றணும், ஸ்குரூ டிரைவர் பிடிக்கப் பயமில்லை என்றால் அசெம்பிள்டு.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பெரிய ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் பழைய கம்பெனிப் பெட்டிகள் எஸ்.பி. ரோடு மாதிரி இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் அந்தப் பெட்டிகளை நிறையப் பேர் கழிக்கிறார்கள். இங்கேதான் உஷாராக இருக்கணும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேணும். விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கட்டாயம். நாலாம் தலைமுறை பெட்டியை 'ஐ7' என்று ஆசை காட்டி விற்பார்கள், வாங்காதீங்க. எட்டாம் தலைமுறைக்கு மேல் கிடைத்தால், தனி வயர் இல்லாமல் ஸ்லாட்டில் இருந்தே கரண்ட் எடுக்கும் சின்ன கார்டைப் போடலாம். ஸ்லாட் 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650-ல் தனி வயர் கேட்காத மாடல்கள் உண்டு. பெட்டி ஒல்லியாக இருந்தால் கார்டின் உயரத்தையும் அளந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

விலையைப் பற்றி எழுத எனக்கே தயக்கமாக இருக்கிறது. 2025 கடைசியில் ஏ.ஐ. வேலைக்கான பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறிப்போனது. யூடியூபில் யாரோ பழைய வருஷத்தில் சொன்ன லிஸ்ட்டை நம்பிக் கடைக்குப் போனால் வெறுங்கையோடுதான் வரணும். பழைய ரேம் வீட்டில் சும்மா கிடந்தால் தூக்கிப் போடாதீங்க, மதர்போர்டு அதை ஏற்குமா என்று முதலில் பாருங்க. அசெம்பிள்டில் விண்டோஸுக்குத் தனிக் காசு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். லினக்ஸ் இலவசம். ஸ்டீம் வழியாக நிறைய விண்டோஸ் கேம்கள் அதில் ஓடும், ஆனால் வாலரண்ட் ஓடாது.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் நம்ம ஊரில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே போட்ட கணக்கையும் மானிட்டரையும் கூட்டிப் பாருங்கள். கேம் நடுவில் கரண்ட் போனால் கீ என்று கத்திவிட்டு அதுவும் அணைந்துவிடும். ரைசன் 5600ஜி மட்டும் வைத்திருக்கும்வரை அதுவே தாராளம்.

எங்க வீட்டில் முடிவானது இது. கார்டு இல்லாமல், உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர், 550 வாட் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., எல்லாப் பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு ஜி.எஸ்.டி. பில். 18 சதவீதம் வரி போனாலும் போகட்டும் என்று அப்பாவே சொன்னார். பெரியப்பா மகன்தான் கூட வருகிறார், பட்ட அனுபவம் உள்ளவர். மீதிப் பணத்தை அம்மா வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார், கார்டுக்குத்தான் என்று நம்புகிறேன். என் லிஸ்ட்டை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறுகிறோம். அதற்குள் தப்பு எது தெரிந்தாலும் பென்சிலில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், சார் திட்டுவார்.