சல்ற்றேசன்: ஒரு சொல்லின் வேர்

துள்ளுதல் எனப் பொருள்படும் 'சல்ற்றேசன்' ஆங்கிலத்தில் அருகி வழங்குஞ் சொல். அதன் எழுத்துக்களைக் கண்டு, உப்பைக் குறிக்கும் 'சோல்ற்' என்பதோடு அதனை இணைத்தெண்ணுவாருமுளர், இரண்டிற்கும் உறவில்லை. இலத்தீனிற் குதித்தலைக் குறிப்பது 'சலீரே'. அதினின்று, மீண்டும் மீண்டும் குதித்தல், ஆடுதல் எனும் பொருளில் 'சல்ற்றாரே' பிறந்தது. அதன் வழிவந்ததே இச்சொல். காற்றினால் மணற்றுணிக்கைகள் துள்ளித் துள்ளிச் செல்வதைப் புவியியலார் இப்பெயராலேயே வழங்குவர்.

இவ்வேரினின்று கிளைத்த பழகிய சொற்களும் உள. 'இன்சல்ற்' எனும் அவமதிப்பு, ஒருவர்மேற் பாய்தல். 'றிசல்ற்' எனும் பெறுபேறு, துள்ளி மீளுதல். சுவரில் எறிந்த பந்து எறிந்தவனிடமே மீளுமன்றோ? மாணவர் ஆண்டுதோறும் எதிர்நோக்கும் பெறுபேறும் அத்தகையதே: அவர்தம் முயற்சியே அவரிடம் மீள்கின்றது. வேரறிந்து கற்பார்க்கு அருஞ்சொல்லும் எளிதாகும். எளிய சொல்லும் ஆழமுடைத்தாகும்.