தரைக்கு அடியிலிருந்து வரும் ஆவி

1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் தொடங்கி, 1972-இல் இன்றைய பெயரைப் பெற்ற போர்ட் கிள்ளானில், துறைமுகத்தை அண்டிய எண்ணெய்த் தொட்டியோ பட்டறையோ மூடப்பட்டு அவ்விடத்தில் கடைவீடோ அடுக்குமாடியோ எழும்போது, பழைய தொழில் மண்ணில் விட்டுச்சென்ற கசிவும் புதிய கட்டடத்தோடு குடியேறக்கூடும். கசிந்த பெட்ரோலும், உலோகப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களும் ஆவியாகி, மண்துகள்களின் இடைவெளி வழியே மேலேறி, தரை வெடிப்பிலும் குழாய்த் துளையிலும் புகுந்து அறைக்காற்றில் கலப்பதே ஆவி ஊடுருவல் எனப்படுகிறது. பெட்ரோல் ஆவியைக் காற்றோட்டமுள்ள மண்ணின் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். குளோரின் கலந்த கரைப்பான்கள் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. பெட்ரோலிலுள்ள பென்சீனும் டிரைகுளோரோஎத்திலீனும் புற்றுநோய் விளைவிப்பவை; மூக்குக்கு எட்டாத அளவிலேயே தீங்கு செய்பவை.

அமெரிக்காவின் லவ் கெனாலில், சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவு புதைந்த நிலம் 1953-இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறி, சுற்றிலும் வீடுகள் எழுந்து, 1978-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அங்கே கழிவு புகுந்தது வீடுகளின் நிலவறைகளில். தரைமட்டத்திலேயே கட்டப்படும் கிள்ளான் வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை என்று கொள்வது பிழை.

கிள்ளான் கரையோரத்தின் அடிநிலம் நீர் ஊறிய மென்மையான கடற்களிமண். வாயு அதனூடே மெதுவாகவே நகரும் என்பது இயற்கை தந்த காப்பு. அக்காப்பில் ஓட்டை போடுவது கட்டுமான முறைதான். களிமண் பாரம் தாங்காததால் ஆழமாகப் பைலிங் இறக்கப்பட, கட்டடம் நின்ற நிலையில் நிற்க, சுற்றியுள்ள மண் மட்டும் ஆண்டுக்கணக்கில் அமுங்கி, தரைப்பலகைக்குக் கீழே ஆவி தேங்கும் வெற்றிடம் உருவாகலாம். குழாய்களைச் சுற்றி நிரப்பிய மணல் அந்த ஆவிக்குப் பாதையாகலாம். ஏர்கோன் போட்டு அடைத்த அறையில் நுழைந்த ஆவி எளிதில் வெளியேறாது.

தரைப்பலகைக்கடியில் சரளைக்கல் பரப்பி, துளையிட்ட குழாய்களைப் பதித்து, மேலே ஆவி புகாத விரிப்பை இட்டு, மின்விசிறியால் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவது நடைமுறையிலுள்ள தீர்வு. அமுங்கும் மண்ணில் அக்குழாய்களைத் தரைப்பலகையிலேயே தொங்கவிட வேண்டும். மண்ணில் கிடத்தினால் அதனோடு இறங்கி முறிந்துவிடும். கட்டும்போதே இதைச் செய்வது, பின்னர் தரையை உடைப்பதைவிட மிகவும் மலிவு.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மாசுற்ற நிலங்களுக்கென மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. வழிகாட்டி சட்டமாகாது. ஆகவே பழைய தொழில்நிலத்தில் வீடு வாங்குவோர், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னர், அங்கே முன்பு என்ன இயங்கியது என்பதையும் மண்வாயுச் சோதனை அறிக்கையையும் மேம்பாட்டாளரிடம் கேட்டுப் பெற வேண்டும்.