மட்டைத் தலையில் எடையின் ஸ்தானம்

மலாய்க் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவைக் கொண்டு 1848-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட கெட்டியான கோல்ப் பந்து, நீண்டு மெலிந்த மரத்தலைகளைப் பிளந்துவிட்டமையால், கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் ஸ்தாபிதமான 1893-க்குள் மட்டைத் தலைகள் குறுகித் தடித்துவிட்டன. ஆயினும், நடுவிடம் தப்பிப் பந்தைச் சந்திக்கும் தலை சற்றே திரும்பி, அதனை நேர்வழியினின்று விலக்கிவிடும் தோஷம் நீங்கவில்லை.

இப்பேழையிலுள்ள 'பட்டர்' என்னும் மட்டையின் பின்புறத்தை நோக்குவோர், நடுவே பள்ளமும் இரு ஓரங்களிலும் திரண்ட உலோகமும் காண்பர். எடை மையத்தினின்று எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தலை திரும்ப மறுக்கும் என்னும் தத்துவத்தை இவ்வாறு பிரயோகித்தே, கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் 1966-இல் 'பிங் ஆன்சர்' பட்டரை வெளியிட்டார். இன்றைய டைட்டானிய 'டிரைவர்' மட்டைகளும் அதே தத்துவத்தைப் பின்பற்றுவன. அவற்றின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்பது ஆட்ட விதி.