யாரும் தொடலை... ஆனாலும் கம்ப்யூட்டர் திணறுதா? லினக்ஸில் 'லோடு' எகிறுவது ஏன்?

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறீர்கள். ஒரு செயலியைக்கூட திறக்கவில்லை. ஆனாலும் ஃபேன் இரையுது, மவுஸ் நகர மாட்டேங்குது. "மெஷின் போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்க! முதலில் 5 நிமிடம் ஒதுக்கி இதைப் பாருங்கள்.

புதுச்சேரி கிராமங்களுக்கு கம்ப்யூட்டர் புதுசு இல்லை. 1998-லேயே வில்லியனூரை மையமாக வைத்து கிராம தகவல் மையங்களைத் தொடங்கியது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். இன்று பாகூரில் ஒரு டியூஷன் சென்டர் வைத்திருப்பவருக்கும் பழைய மெஷினைக் காப்பாற்றுவது காசு விஷயம்.

லோடு என்றால் என்ன?

டெர்மினலைத் திறந்து 'டாப்' கட்டளையைக் கொடுங்கள். முதல் வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி லோடு அது. 4 கோர் உள்ள மெஷினில் லோடு 4-ஐத் தாண்டி நின்றால் கவனிக்க வேண்டும்.

பலரும் தவறும் இடம் இதுதான். லோடு என்பது சிபியு எவ்வளவு உழைக்கிறது என்ற கணக்கு அல்ல. வரிசையில் எத்தனை வேலைகள் நிற்கின்றன என்ற கணக்கு. ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் லினக்ஸ் 1993 முதல் இதில் சேர்த்தே எண்ணுகிறது.

டீக்கடையை நினைத்துப் பாருங்கள். கடை முன்னால் கூட்டம், ஆனால் மாஸ்டர் சும்மா நிற்கிறார். ஏன்? பால் வரலை!

சிபியு உழைக்கிறதா?

'டாப்' திரையில் சிபியு வரியில் 'ஐடி' என்ற எண்ணைப் பாருங்கள். சிபியு எத்தனை சதவீதம் சும்மா இருக்கிறது என்று அது சொல்லும்.

அது குறைவாக இருந்தால், பெரும்பாலும் பட்டியலில் முதலில் நிற்கும் வேலைதான் காரணம். அப்டேட், ஃபைல்களைப் பட்டியலிடும் வேலை என்றால் பயம் வேண்டாம். பல நாள் அணைத்து வைத்த மெஷினைப் போட்டதும் தேங்கிய வேலைகள் ஓடும். அரை மணி நேரம் விடுங்கள், தானாக அடங்கும்.

தெரியாத பெயர் ஒன்று நாள் முழுக்க சிபியுவைத் தின்றால் உஷார்! திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் எடுக்கும் வைரஸாக இருக்கலாம். நிறுத்தினாலும் மறுபடி முளைக்கும். இணையத்தைத் துண்டித்து, ஃபைல்களை எடுத்துவிட்டு, லினக்ஸைப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள்.

சிபியு சும்மா, ஆனாலும் லோடு அதிகமா?

இதுதான் 'பால் வராத' கதை. பட்டியலில் 'எஸ்' என்ற கட்டத்தில் 'டி' எழுத்து உள்ள வேலைகளைத் தேடுங்கள். அவை பெரும்பாலும் டிஸ்க்குக்கோ, நெட்வொர்க்கில் இணைத்த வேறு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்கோ காத்திருக்கும். 'கில்' கொடுத்தாலும் பொதுவாக அசையாது. அந்த இன்னொரு கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'டிமெசேஜ்' கட்டளையில் டிஸ்க் எரர் வருகிறதா எனப் பாருங்கள். வந்தால் டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். பிள்ளைகளின் மார்க் பட்டியல், போட்டோ எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் ஏற்றுங்கள். ஃபார்மட் கூடவே கூடாது! பல நேரம் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதும்.

உலகமே திணறிய நாள்

2012 ஜூலை 1, இந்திய நேரம் காலை 5.30. உலகக் கடிகாரத்தில் ஒரு 'லீப் செகண்ட்' கூட்டப்பட்டது. லினக்ஸ் கர்னலில் இருந்த பிழையால், தூங்க வேண்டிய செயலிகள் உடனுக்குடன் விழித்துக்கொண்டே இருந்தன. சும்மா இருந்த சர்வர்களிலும் சிபியு எகிறியது. ரெட்டிட் தளமே முடங்கியது. பலருக்கு, கடிகார நேரத்தை மறுபடி செட் செய்ததும் சரியானது. புது மெஷின் எதுவும் தேவைப்படலை.

ஆக, லோடு ஏறினால் வரிசையில் யார், எதற்காக நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பர்ஸைத் திறப்பது அதற்கப்புறம்தான்.