ஆங்கிலத்துக்கும் ஒரு செய்முறைத் தேர்வு

களமருதூர் போன்ற சிற்றூரில் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலம் பெயருக்குத்தான் இரண்டாம் மொழி. நடப்பில் அது அயல்மொழி. பஸ், போன் போன்ற உதிரிச் சொற்களைத் தவிர, பள்ளிக்கு வெளியே யாரும் அதில் பேசிக்கொள்வதில்லை. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட மொழியில் தொடக்க வகுப்புத் தேர்வே 'எதிர்ச்சொல் எழுது', 'கோடிட்ட இடத்தை நிரப்பு' என்று நின்றுவிட்டால், பிள்ளை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடும். புதியவர் ஒருவர் ஊரைக் கேட்டால் மட்டும் வாய் திறக்காது. இதில் பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. தேர்வு கேட்பதைத்தான் வகுப்பறை சொல்லிக்கொடுக்கும்.

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறை, ஆகக் கீழ்ப்படியான 'ஏ1'-ஐ இலக்கணத்தால் அளக்கவில்லை. தன்னை அறிமுகப்படுத்த முடிகிறதா, எதிரே இருப்பவர் நிதானமாகப் பேசினால் பதில் சொல்ல முடிகிறதா என்றே பார்க்கிறது. அப்படிப் பார்த்தால், சிவப்புப் பென்சிலைத் தூக்கிக் காட்டி 'இது என்ன நிறம்?' என்று ஆசிரியர் கேட்பது உண்மையில் கேள்வியே அல்ல; விடை அவர் கையில் இருக்கிறது. மாறாக இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருத்தியிடம் மரவள்ளி, கரும்பு, மக்காச்சோளம் வரைந்த சந்தைப் படத்தை விலையோடு கொடுத்துவிட்டு, மற்றவளிடம் விலையில்லாத பட்டியலைக் கொடுக்கலாம். 'ஹவ் மச்?' என்று கேட்காமல் அவளால் பட்டியலை நிரப்ப முடியாது. பலூனும் ஸ்டிக்கரும் இல்லாமலே சுவாரசியம் வந்துவிடும், தெரிந்துகொண்டாக வேண்டுமே!

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நாற்பது பேர் என்றால் இருபது ஜோடி. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கையில் நாளுக்கு நான்கு ஜோடியைக் கேட்டால் ஐந்து நாளில் முடிந்துவிடும். கேட்டது புரிந்ததா, வேண்டியதைச் சொல்ல முடிந்ததா, புரியாதபோது திரும்பக் கேட்டாளா என்ற மூன்றைக் குறித்தால் போதும். உச்சரிப்புக்கு மதிப்பெண் வெட்ட வேண்டாம். மதிப்பெண்ணில் இதற்கு இடமும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழகத்தில் 2012-13-இல் வந்த முப்பருவ முறை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியது. பல இடங்களில் அது கடையில் வாங்கிய படத்தை ஒட்டிய சார்ட்டாகச் சுருங்கியது வேறு கதை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து அணுகுவது நல்ல யோசனை. ஆனால் செயலியில் பதிவேற்றவே பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அந்த நேரம் பிள்ளையின் பேச்சைக் கேட்கப் போயிருக்க வேண்டியது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் முழுக்க எழுத்துத் தேர்வாயிற்றே, பேசப் பழகி என்ன பயன் என்பதுதான் கனமான எதிர்வாதம். கீழ் வகுப்பில் எவ்வளவு பேசவைத்தாலும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் கையில் கைடு ஏறிவிடுகிறது. அதற்கு மாற்றும் அதே தேர்வுக்குள்ளேயே இருக்கிறது: அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. கரைசல் அமிலமா காரமா என்று சோதித்துக் காட்டச் சொல்லும் கல்வித் துறை, மொழியை மட்டும் ஏன் தாளோடு நிறுத்திக்கொள்கிறது?