பேனா எடுத்தா எழுத வரல... இழப்புக்குப் பிறகு படைப்பு மனசு எப்படித் திரும்புகிறது?

2011 ஏப்ரல் 14. ஏ.ஆர்.ரஹ்மானின் இசை நிகழ்ச்சிக்காக துபாய் போயிருந்த பாடகி சித்ரா, அங்கே நடந்த விபத்தில் மகள் நந்தனாவை இழந்தார். திருமணமாகிப் பல ஆண்டுகள் காத்திருந்து பிறந்த குழந்தை. 8 வயது. 'சின்னக்குயில்' இனி பாடுமா என்று ரசிகர்கள் கலங்கிய நாட்கள் அவை. கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்த சித்ரா, பிறகு மைக் முன்னால் வந்தார். 2021இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோதும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த 'கொஞ்ச காலம்' இருக்கே, அதுக்குள்ள என்ன நடக்குது? துக்கம் நடந்த வீட்டிலும் காரியம் முடிந்ததும் ஆபீஸ் போகிறோம், சமைக்கிறோம், ஈபி பில் கட்டுகிறோம். ஆனா பாடுறவருக்குப் பாட வராது. வரைகிறவர் பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். ஏன்?

கை ஏன் ஓடுவதில்லை?

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. தூக்கம் கெடுகிறது, கவனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. பழகிய வேலையைப் பாதிக் கவனத்தோடு ஓட்டிவிடலாம். புதிதாக ஒன்றை உருவாக்க அது போதாது.

இரண்டாவதுதான் வலிக்கும் காரணம். எழுதியதை முதலில் படித்துக் காட்டியது அவரிடம்தான், பாடினால் தலையாட்டியது அவர்தான் என்றால், அவர் போனபிறகு யாருக்காகச் செய்வது? இன்னொன்றும் உண்டு. செய்யும் வேலையில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்துவிட்டால், 'அவங்க போயிட்டாங்க, நமக்கு இது கேக்குதா' என்ற குற்ற உணர்ச்சி.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது: கையறுநிலை. தலைவன் இறந்தபின் செயலற்றுப்போய்ப் புலம்புவதைப் பாடும் புறத்துறை அது. பாரிக்காகக் கபிலரும், அதியமானுக்காக ஔவையாரும் பாடியவை புறநானூற்றில் உள்ளன. 'கை அற்றுப்போன' நிலை என்று பெயர் வைத்துவிட்டு, அதிலேயே பாட்டும் கட்டியிருக்கிறார்கள்!

ஆய்வாளர்கள் சொல்வது என்ன?

துக்கம் ஐந்து படிகளாக வரும், கடைசியில் ஏற்றுக்கொள்வோம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அந்தப் படிகளை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசி. உறவை இழந்தவர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் வேறொரு விளக்கம் தந்தார்கள். இழந்தவர் ஒரு நேரம் இழப்பை நோக்கி இருக்கிறார்: அழுகிறார், போட்டோ பார்க்கிறார். இன்னொரு நேரம் வாழ்க்கையை நோக்கித் திரும்புகிறார்: வேலை, புதுப் பொறுப்பு, கொஞ்சம் சிரிப்பு. ஊஞ்சல் மாதிரி இரண்டுக்கும் நடுவே போய்வருவதுதான் இயல்பு என்கிறது இந்த விளக்கம். அப்படிப் பார்த்தால் நேற்று இரண்டு பக்கம் எழுதியவருக்கு இன்று ஒரு வரியும் வராதது பின்னடைவு இல்லை.

மூன்று வருஷ மௌனம்

சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயேந்தேயின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1991 டிசம்பரில் அவர் மகள் பவுலா நோயில் விழுந்து கோமாவுக்குப் போனார். மாட்ரிட் மருத்துவமனையில் உட்கார்ந்து, மகள் கண் விழித்ததும் படிக்கட்டும் என்று குடும்பக் கதையை நோட்டில் எழுத ஆரம்பித்தார் அயேந்தே. பவுலா கண் விழிக்கவே இல்லை. 1992 டிசம்பர் 6 அன்று இறந்தார். அந்த எழுத்துதான் 1994இல் 'பவுலா' என்ற புத்தகமாக வந்தது.

இதோடு சரியாகிவிட்டது என்று நினைப்போம். இல்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு எழுத்தே நின்றுபோனது, சுமார் மூன்று வருஷம். புது நாவலை ஜனவரி 8 அன்று தொடங்குவது 1981 முதல் அவர் வழக்கம். அந்தத் தேதியும் உதவவில்லை.

அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது, தான் அடிப்படையில் ஒரு பத்திரிகையாளர் என்பது. ஒரு தலைப்பும் தகவல் திரட்ட நேரமும் இருந்தால் எதையும் எழுதலாமே! கற்பனை வரலன்னா போகட்டும் என்று, சாவிலிருந்து எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளி ஒரு தலைப்பைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார்: சாப்பாடும் காமமும். சமையல் குறிப்புகளோடு 1997இல் 'அஃப்ரோடைட்' வந்தது. அதன் பிறகு நாவலும் திரும்பியது. 1999இல் 'டாட்டர் ஆஃப் ஃபார்ச்சூன்' வெளியானது.

துக்கத்தைத்தான் எழுதணுமா?

'மனசுல இருக்கறத எல்லாம் கொட்டி எழுதிடு' என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. மன அழுத்தத்துக்கு இப்படி எழுதுவது ஓரளவு உதவும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. ஆனால் துணையை இழந்தவர்களிடம் ஸ்ட்ரோபே குழு சோதித்தபோது, எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எழுதப் பிடிக்காதவரை வற்புறுத்த வேண்டாம்.

எரிக் கிளாப்டன் 4 வயது மகனை 1991இல் இழந்தபின் உருவாக்கிய 'டியர்ஸ் இன் ஹெவன்' மூன்று கிராமி விருதுகளை வாங்கியது. 2004இல் அதை மேடையில் பாடுவதையே நிறுத்தினார். பாடலுக்குத் தேவையான அந்த இழப்புணர்வு இப்போது தன்னிடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகள் கழித்து மறுபடி பாடினார்.

ஆக, பழைய இடத்திலிருந்தே தொடங்கணும்னு அவசியமில்லை. நாவல் வராவிட்டால் சமையல் குறிப்பு, கச்சேரி முடியாவிட்டால் வீட்டில் பத்து நிமிஷம் சரளி வரிசை. கதை எழுதுகிறவர் பிடித்த பக்கத்தைக் கையால் பார்த்து எழுதினாலும் சரி. 'நல்லா வருதா' என்ற கேள்வியைக் கொஞ்சநாள் தள்ளி வைக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

ஆறு மாதம் தாண்டியும் இறந்தவரின் நினைவிலிருந்து மீள முடியாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருந்தால் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கணக்கு. இதற்குச் சிகிச்சை உண்டு. வாழவே பிடிக்கல என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.