வரைபட அளவுகளும் தசம முழுதாக்கலும்

பொறியியல் வரைபடத்தில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் ஒரு கட்டளையாகும். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி அவ்வெண்ணை நம்பியே உலோகத்தை வெட்டுகிறார். கையால் வரைந்த காலத்தில் அந்த எண்ணை வரைவாளரே கணக்கிட்டு எழுதினார். இன்று கணிப்பொறியின் துணைகொண்டு வரையும்பொழுது, கோட்டின் நீளத்தைக் கணிப்பொறியே அளந்து காட்டுகிறது. அவ்வாறு காட்டுகையில் அது எண்ணைச் சுருக்கியே காட்டுகிறது. இச்சுருக்கம் நிகழும் முறையை அறியாவிடின், பிழையற்ற வரைபடத்திலிருந்தும் ஒன்றோடொன்று பொருந்தாத உறுப்புகள் உருவாகக்கூடும்.

சேமித்த அளவும் காட்டும் அளவும்

100 மில்லிமீட்டர் நீளமுள்ள தகடொன்றை மூன்று சம பாகங்களாகப் பிரிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பாகமும் 33.333... மில்லிமீட்டர் ஆகும். கணிப்பொறி இவ்வெண்ணை ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்துடன் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். தசம இடம் வேண்டாமென்று வரைவாளர் அமைத்திருந்தால், வரைபடத்தில் 33, 33, 33 என்றும் மொத்தம் 100 என்றும் தோன்றும். மூன்றையும் கூட்டினால் 99 தான் வரும். கோடுகளின் உண்மை நீளம் சிறிதும் மாறவில்லை. எழுத்தில் தோன்றும் எண் மட்டுமே சுருங்கியது. கணிப்பொறிக் கோப்பிலிருந்து நேரே இயக்கப்படும் இயந்திரம் சரியாகவே வெட்டும். அச்சிட்ட தாளைப் படித்து வெட்டுபவரோ ஒரு மில்லிமீட்டர் குறைவாக வெட்ட நேரும்.

ஆட்டோகேட் போன்ற வரைவு நிரல்களில் இதற்கென இரு தனித்தனி அமைப்புகள் உள்ளன. ஒன்று, எத்தனை தசம இடங்களைக் காட்டுவது என்பது. மற்றொன்று, அளவை எதன் மடங்காக முழுதாக்குவது என்பது. இரண்டாவதை 0.25 என அமைத்தால், 10.6 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு 10.50 என்று தோன்றும். இரண்டு தசம இடங்கள் இருப்பதால் எண் மிகத் துல்லியமானதெனக் கருதத் தோன்றும். ஆயினும் அது உண்மையினின்று 0.1 மில்லிமீட்டர் விலகியுள்ளது.

பிழை பெருகும் விதம்

ஓர் அளவில் மிகச் சிறியதாக உள்ள பிழை, தொடர் அளவுகளில் பெருகிவிடும். மின்னணுச் சில்லுகளுள் ஒருவகையில், அடுத்தடுத்த கால்களுக்கிடையே ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. நாற்பது கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு 20 கால்களும் 19 இடைவெளிகளும் இருக்கும். முதற்காலிலிருந்து கடைசிக்கால் வரை உண்மைத் தொலைவு 48.26 மில்லிமீட்டர். இடைவெளியை 2.5 என முழுதாக்கித் துளையிட்டால் 47.5 மில்லிமீட்டர் தான் கிடைக்கும். 0.04 மில்லிமீட்டர் வேறுபாடு 19 முறை சேர்ந்து 0.76 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. முதற்கால் துளையில் இறங்கினாலும் கடைசிக்கால் இறங்காது. பலகை முழுவதும் வீணாகும்.

எனவே, எல்லா அளவுகளையும் ஒரே விளிம்பிலிருந்து குறிப்பது நலம். முன்னர்க் கூறிய தகட்டில் 33.33, 66.67, 100 எனக் குறித்தால், எந்த அளவிலும் பிழை 0.005 மில்லிமீட்டரை மிஞ்சாது. ஒன்றின் பிழை அடுத்ததோடு சேர்வதுமில்லை.

ஐந்தில் முடியும் எண்கள்

இந்தியத் தர நிர்ணயங்களுள் முதல் எண் தேசியக் கொடிக்கு உரியது. இரண்டாம் எண் எண்களை முழுதாக்கும் விதிகளுக்கு உரியது. 1960ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நீக்கப்படும் பகுதி சரியாக 5 ஆக இருப்பின், நிற்கும் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஒன்று கூட்டப்படும். இரட்டைப்படையானால் அவ்வாறே விடப்படும். இதன்படி 12.35 என்பது 12.4 ஆகும், 12.25 என்பது 12.2 ஆகும். பள்ளிகளில் வழங்கும் முறையோ 5 வந்தால் எப்பொழுதும் ஒன்று கூட்டுவது. 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. பள்ளி முறையில் முழுதாக்கிக் கூட்டினால் 10 வரும். தர நிர்ணய முறையில் 8 வரும். ஒரே திசையில் சாயும் பிழையை அம்முறை தவிர்க்கிறது.

முழுதாக்கல் ஒரே படியில் நிகழ வேண்டும் என்பதும் முக்கியம். 12.346ஐ முதலில் 12.35 ஆக்கி, பின் 12.4 ஆக்குவது தவறு; நேரே ஓர் இடத்துக்கு முழுதாக்கினால் 12.3 தான் விடை.

கணிப்பொறியில் மற்றொரு நுட்பமும் உண்டு. அது எண்களை இரண்டின் அடிமானத்தில் வைப்பதால், 0.5, 0.25 போன்றவற்றைச் சரியாக வைக்கும், 0.1ஐ அவ்வாறு வைக்க இயலாது. 2.675 என்னும் எண் அதனுள் 2.675க்கு மிகச் சிறிதே குறைவாக நிற்கிறது. ஆகவே அதை இரண்டு இடங்களுக்கு முழுதாக்கினால், இரு விதிகளின்படியும் வரவேண்டிய 2.68க்குப் பதிலாக 2.67 வரக்கூடும்.

தசம இடமும் அனுமதித்த வேறுபாடும்

தசம இடங்களைக் கூட்டுவதால் மட்டும் உறுப்பு துல்லியமாகிவிடாது. அனுமதித்த வேறுபாடு எவ்வளவு என்பதைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும். சில தொழிற்சாலைகளில் தசம இடங்களின் எண்ணிக்கையே அவ்வேறுபாட்டைச் சுட்டும். அங்கு 25 என்பதும் 25.00 என்பதும் வெவ்வேறு கட்டளைகளாகும். கணிப்பொறி இறுதிப் பூச்சியங்களைத் தானே நீக்குமாறு அமைத்திருந்தால் இப்பொருள் மறைந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் அளவி மட்டுமே உள்ள பட்டறைக்கு நான்கு தசம இடங்கள் கொண்ட அளவு அனுப்புவதாலும் பயனில்லை.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் மேற்கூறிய தகட்டை மாணவர்களிடம் இருவிதமாக வரையச் செய்யலாம்: ஒன்றில் தொடர் அளவுகள், மற்றொன்றில் ஒரே விளிம்பிலிருந்து அளவுகள். இரண்டு தாள்களைக் கொண்டும் அட்டையில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எண்ணைச் சுருக்குவது எங்கே தீங்கற்றது, எங்கே உறுப்பைக் கெடுப்பது என்பது மாணவர்க்குத் தெளிவாகும். களப்பணியாளரும் வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்புமுன், பகுதி அளவுகளைக் கூட்டி மொத்த அளவோடு ஒருமுறை ஒப்பிடுதல் நன்று.